பொருள் எண் ஏழு

நான் அரியலூர்க்காரி.
எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் ஓட வேண்டும்.
இந்தப் பேரூராட்சியில் சேர்ந்த முதல் மாதம்
ஆறாவது வார்டு ஸ்டெல்லாபாய் எழுந்து
"எங்க வார்டுல மூணு நாளா வெள்ளம் இல்ல, கேட்டியளா" என்றபோது
உறுப்பினர் மகிழ்ச்சி தெரிவித்தார் என்று
தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டேன்.
அடித்துத் திருத்திய பக்கம் இன்னும் இருக்கிறது,
ஓரத்தில் என் சுருக்கொப்பத்தோடு.

இப்போது தெரியும்.
குடத்தில் கிடந்தால் வெள்ளம்,
குடத்தை அடித்துக்கொண்டு போனாலும் வெள்ளம்.
எது என்பதை
சொல்பவர் முகத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

நேற்று பதினொன்றுக்கு என்று போட்ட கூட்டம்
பன்னிரண்டரைக்குத் தொடங்கியது.
பொருள் ஒன்று, சொத்துவரி.
ரப்பர் ஷீட் உணக்கும் புகைப்புரை வீடா இல்லையா என்று
நாற்பது நிமிடம்.
"ஆள் கெடந்து ஒறங்காத எடத்துக்கு என்னத்துக்கு ஓய் வரி?"
"பூட்டு கெடக்குல்லா, அப்ப கட்டடந்தான்."
தேர்தல் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை.
வரி ஒத்திவைக்கப்பட்டது.
வரி இல்லாததால்
பள்ளிக்கூடத்துக் கூரையும் ஒத்திவைக்கப்பட்டது.
மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும்
சத்துணவுக் கூடத்திலேயே இருக்கும்,
சாம்பார் கொதிக்கும் சத்தத்துக்கு மேலே
வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு.

பிறகு டீ வந்தது. பழம்பொரி வந்தது.
அணை வந்தது.

மகாராஜா காலத்துச் சுண்ணாம்பு.
பொதுப்பணித் துறை அது நம்முடையது என்கிறது,
நாம் அது அவர்களுடையது என்கிறோம்.
ஐந்து கடிதம் நான்தான் தட்டச்சு செய்தேன்.
நான்கு பதில் வந்தது,
ஒரே பதில், நான்கு தேதி.
மூன்றாவது ஷட்டர் திறக்க
ஐயப்பன்குட்டியும் மைத்துனரும்
சக்கரத்தில் தொங்க வேண்டும்.
சித்திரையில் வந்த எஞ்சினியர் பெண்
விரிசலுக்குக் குறுக்கே
ஒரு கண்ணாடிப் பட்டையை சிமென்ட் வைத்து ஒட்டினாள்.
இது உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம்,
உடனே சொல்லுங்கள் என்றாள்.

ஐயப்பன்குட்டி சொல்லவில்லை.
பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து
மேசைமேல் பிரித்து வைத்தார்,
பழம்பொரித் தட்டுக்குப் பக்கத்தில்.

மின்விசிறி சுற்றியது.
தலைவர் சுகிர்தராஜ் விரல் எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.
இரண்டாவது வார்டு அனீபாதான் கண்டுபிடித்தார்:
"பள்ளிக்கூடத்துப் பிள்ளைய கல்லெறிஞ்சிருக்கும்."
எல்லோருக்கும் மூச்சு வந்தது.
பிள்ளையதான், பின்ன யாரு,
மத்தியானம் முழுக்க அங்கதான கெடக்குதுவ.

ஏகமனதாக:
மாணவர்களைக் கண்டித்து வைக்கத் தலைமையாசிரியரைக் கோருவது.
புதிய கண்ணாடி வாங்க அறுபது ரூபாய்
சில்லறைச் செலவினத்தில் அனுமதிப்பது.

ஸ்டெல்லாபாய் இரண்டு துண்டையும் கையில் எடுத்தார்.
"கல்லு பட்டா நொறுங்கும்.
இது நகம் வெட்டின மாதிரி நேராட்டுல்லா இருக்கு."
துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்.
சேர்ந்தன.
இதை எழுதணுமா சார் என்று கேட்டேன்.
செயல் அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார்.
இரண்டு மணிக்குக் கலெக்டர் ஆபீசில் கூட்டம்,
பேரிடர் முன்னெச்சரிக்கை.

சாயங்காலம் பஸ் அணைக்குக் கீழேதான் போகும்.
பள்ளிக்கூடமும் அணைக்குக் கீழேதான்.
சுவரில் போன வருடம் நாங்கள் எழுதிய
நீல எழுத்து: நிவாரண முகாம்.
கேட் பூட்டியிருந்தது. கோடை விடுமுறை
தொடங்கிப் பதினெட்டு நாள்.
எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்று காலை புத்தகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நேற்று கூட்டம் கலைந்து எல்லோரும் இறங்கிய பிறகு
ஸ்டெல்லாபாய் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்,
"மக்களே, வெள்ளம் வருமா?"
முகத்தைப் பார்த்தேன்.
தெரியவில்லை.
வெள்ளம் வருமா என உறுப்பினர் வினவினார் என்று
பொருள் ஏழின் கீழ் அப்படியே எழுதியிருக்கிறேன்.
அடிக்கப் போவதில்லை.

கண்ணாடிக்கு ரசீது இன்னும் வரவில்லை.